தொட்டிலைப் பார்க்க ஓடிய சாயங்காலம்

ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் அது, 2007. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரையும் காணோம். முன்கதவு திறந்து கிடந்தது. அடுப்படியில் கேஸ் அடுப்பு மெல்ல எரிந்துகொண்டிருந்தது. மேலே புளிக்குழம்பு வற்றி அடிப்பிடிக்கிற வாசனை. அம்மிக்குப் பக்கத்தில் பாதி உரித்த சின்ன உள்ளி. ஆச்சி படுக்கும் நார்க்கட்டில் காலி. அவள் மூக்குக்கண்ணாடி வேதப்புத்தகத்தின் மேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் ஆச்சி வாசற்படி இறங்க மாட்டாள்.

"யம்மா" என்று கூப்பிட்டேன். பின்கட்டிலும் கிணற்றடியிலும் யாரும் இல்லை. தொழுவத்தில் ஆடுகள் மட்டும் நின்று என்னைப் பார்த்தன.

அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காரணம், அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள் கன்வென்ஷன் நடந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் மேடையின் குறுக்கே நீளமான சீலை ஒன்றைக் கட்டி, ஏதேனிலிருந்து புதிய எருசலேம் வரைக்கும் உலகத்தின் முழு வயசையும் அதில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். நடுவில் ஒரு சிவப்பு அம்பு மேல்நோக்கிப் போகும். அதுதான் இரகசிய வருகை. அம்புக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் ஏழு வருஷ உபத்திரவ காலம், அந்திக்கிறிஸ்து, முத்திரை. மூன்றாம் நாள் இரவு அவர் சொன்ன கதை இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. தோசைக்கல்லில் தோசை கருகும், சுட்டவள் இருக்க மாட்டாள். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும், வீடு திறந்து கிடக்கும், கூப்பிட்டால் பதில் வராது. அப்போது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், தான் கைவிடப்பட்டோம் என்று. மைதானம் முழுக்க அழுதது. நானும் அழுதேன், முன்னால் போய் முழங்கால் போட்டேன். ஆனால் அந்த வாரத்திலேயே ஒரு பொய் சொல்லியிருந்தேன். கணக்கு நோட்டைப் பற்றிய ஒரு சின்னப் பொய். அடுப்படியில் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. வலது கை இடது கை தெரியாத சிறுபிள்ளைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று ஞாயிறு பள்ளியில் ஒரு முறை பதில் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் அப்போது அப்படி ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது, மூன்று வீடு தள்ளி அக்கா வீட்டில், எட்டு மாசத்துப் பெண்குழந்தை. ஓடினேன். அக்கா திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் அவளைத் தாண்டி உள்ளே போய், உத்தரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை நாமம், கன்னத்தில் திருஷ்டி மை.

"என்னலே, பேயடிச்ச மாதிரி ஓடியாற? மேலத்தெரு தாத்தா இறந்துட்டாவ. உங்கம்மையும் ஆச்சியும் அங்கதான் போயிருக்காவ. தண்ணி குடி மொதல்ல." சொம்பை என் கையில் வைத்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. திரும்பி வந்தபோது குழம்பு கரிந்து போயிருந்தது. அதற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன். அந்த அடி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்று வரை அம்மாவிடம் சொன்னதில்லை.

அக்கா வீட்டார் வேதக்காரர் அல்ல. அவர்கள் அய்யாவழிக்காரர்கள். கண்ணாடி வைத்து வணங்கும் நிழல்தாங்கல் ஒன்று ஊரின் தெற்கே இருக்கிறது. அக்காவின் அப்பாதான் அங்கே விளக்கேற்றுவார். அன்றைக்கு நான் இதை யோசிக்கவில்லை. பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். உலகம் முடிந்துவிட்டது என்று நம்பிய அந்த நிமிஷத்தில், கர்த்தருடைய பிள்ளை என்று என் மனசு ஒரு கணமும் சந்தேகப்படாமல் ஓடிப் போய்ப் பார்த்தது நெற்றியில் நாமம் இட்ட ஒரு குழந்தையை. கன்வென்ஷன் சீலையில் அந்தக் குழந்தைக்கு இடம் எங்கே இருந்தது என்று அந்த ஊழியக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர். செம்மண், பனை, கருப்பட்டி. 1799-இல் துன்பப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடிக் குடியேறிய முதலூர் எங்களுக்குப் பக்கம். கால்டுவெல் தமிழ் ஆராய்ந்த இடையன்குடியும் தூரமில்லை. இந்தப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் கடைசி காலம் என்பது புதுச் சங்கதி இல்லை. உயிருள்ளவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க ஆண்டவர் திரும்ப வருவார் என்பதை ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கை செய்கிறவர்கள் நாங்கள். ஆனால் ஆச்சி அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயம் இருந்ததில்லை. ஊரிலிருந்து வெளியூர் போன மகன் பண்டிகைக்கு வருவான் என்று சொல்வது போலச் சொல்வாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஒன்று காட்டுவாள். எல்லாக் கல்லறையும் கிழக்கு மேற்காகக் கிடக்கும். தலை மேற்கே, கால் கிழக்கே. "ஏன் ஆச்சி?" என்றால், "எக்காளம் கேட்டதும் எந்திரிச்சு உக்காந்தா நேரே சூரியன் உதிக்கிற பக்கம் முகம் இருக்கணும்லா, அதான்" என்பாள். தாத்தாவின் கல்லைத் தடவிக்கொடுத்துவிட்டு, பக்கத்தில் தனக்கு விட்டுவைத்திருக்கும் இடத்தில் முளைத்த நெருஞ்சியைப் பிடுங்கிப் போடுவாள். வருகையைப் பற்றி நான் கேட்ட முதல் பிரசங்கம் அதுதான். அதை மறக்கடிக்க நாலு நாள் கன்வென்ஷன் போதுமானதாக இருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் நடந்திருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் புதுச்சட்டை கசங்காமல் இரண்டாம் நாளும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தோம். ஆராதனை முடிகிற நேரத்தில் வெளியே கூட்டம் கூடி, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். யாருக்கும் புரியவில்லை. சுனாமி என்ற சொல்லை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்து சபையிலிருந்து அரிசியும் சேலைகளும் ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று கன்னியாகுமரிப் பக்கம் போனது. அப்பாவும் போனார்கள். மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போயிருந்தது. குளச்சலில் ஒரே குழியில் பலரை அடக்கம் செய்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

அந்த வாரம் எங்கள் ஊரில் ஒரு ஜெபக்கூட்டம். பேசியவர் இது கடைசி கால அடையாளம், அக்கிரமத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். அப்பா கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்கள்: "நான் பாத்த பிள்ளைகளுக்கு அக்கிரமம் பண்ண வயசு காணாது." சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்ற பொருளில் இயேசு சொன்னதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பகுதியை அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அப்பா வாசிக்கச் சொன்னார்கள். எனக்குப் பதினொரு வயசு. தட்டுத் தடுமாறி வாசித்தேன். பொருள் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

2010-இல் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் ஒரு ஜெபக்குழு இருந்தது. காலை நாலரைக்கு எழுந்து மொட்டை மாடியில் ஜெபம், சனிக்கிழமை சாயங்காலம் புதிய பேருந்து நிலையத்தில் கைப்பிரதி ஊழியம். அந்தப் பையன்களை நான் இன்றும் மதிக்கிறேன். அவர்களுடைய வைராக்கியத்தில் பொய் இல்லை. இருபது வயசில் மற்றவர்கள் சினிமா டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசை அவர்கள் கைப்பிரதிக்குக் கொடுத்தார்கள். அவர்களோடு நின்று நானும் கொடுத்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொடக்கக் கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்கு ராத்திரி நீங்கள் இறந்துபோனால் எங்கே போவீர்கள்? நாங்குநேரி பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு மனுஷனிடம், கையில் காய்கறிப் பையும் தோளில் தூங்குகிற குழந்தையுமாக நிற்கிறவரிடம், இதைத்தான் முதலில் கேட்போம். பெயரைக்கூடக் கேட்க மாட்டோம். நேரம் இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம். சிவப்பு அம்பு எப்போது வேண்டுமானாலும் மேலே போய்விடலாம்.

என் அறைத் தோழன் கோவில்பட்டிக்காரன். அவன் வீட்டில் முருகனைக் கும்பிடுவார்கள். அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவனுடைய அப்பா இறந்துபோனார். லாரி ஓட்டியவர், ஆந்திராப் பக்கம் விபத்து. இதை அவன் எனக்குச் சொன்னது சேர்ந்த முதல் வாரத்தில். ஆறு மாசம் அதை நான் ஒரு தகவலாகவே வைத்திருந்தேன், அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2011 ஜனவரியில் ஒரு ராத்திரி, உபவாச ஜெபம் முடிந்து அனல் பறக்க அறைக்கு வந்து, அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவன் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அத விடு. எங்கப்பா இப்ப எங்க இருக்காரு?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று இங்கே எழுத என் கை வரவில்லை. கோபம் இல்லாமல், அன்பாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டே சொன்னேன் என்பதுதான் அதில் மிகவும் கொடுமை. அவன் ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான். மறுநாள் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். சாட்சி சொன்னதற்காக நிந்தை அனுபவிக்கிறேன் என்று ஜெபக்குழுவில் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படியே நம்பினேன்.

அந்த வருஷம் மே மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்து விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் மே 21-ஆம் தேதி வருகை என்று கணக்குப் போட்டு, உலகம் முழுக்க விளம்பரப் பலகை வைத்திருந்தார். அந்தச் செய்தி நம் ஊர்த் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. மே 20 ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. நாலு மாசமாக என்னோடு பேசாதவன்.

"மாப்ள, நாளைக்கு உலகம் அழியப்போகுதாமே. உங்க ஆள்தான் சொல்லுதாராம்."

"அவரு எங்க ஆள் இல்லடா. நாளும் நேரமும் யாருக்கும் தெரியாதுன்னுதான் எங்க வேதத்துல இருக்கு."

"தெரியும். ஆனா ஒருவேளை முடிஞ்சு போச்சுன்னா, பேசாமலே போயிருவோமேன்னு இருந்துச்சு. அதான் போட்டேன்."

மொட்டை மாடியில் நின்று வெகுநேரம் அழுதேன். உலகம் முடியப் போகிறது என்ற செய்தியைக் கேட்டதும் நான் செய்த வேலை, அவனுடைய அப்பாவை அவனிடமிருந்து இரண்டாம் முறை பறித்தது. அதே செய்தியைக் கேட்டதும் அவன் செய்த வேலை, பகைத்தவனுக்குப் போன் போட்டது. நியாயத்தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்ன செம்மறியாடு வெள்ளாட்டு உவமையில் எந்தப் பக்கம் நிற்பவர்கள் தாங்கள் செய்ததை அறியாமலே செய்தவர்கள் என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு அன்றைக்கு உடம்பு நடுங்கியது.

கேம்பிங் தேதியை அக்டோபருக்கு மாற்றினார். அதுவும் கடந்தது. மறுவருஷம், தான் தேதி குறித்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவரை நம்பிச் சேமிப்பைக் கரைத்தவர்களும் வேலையை விட்டவர்களும் இருந்தார்கள். இது முதல் முறையும் இல்லை. 1844 அக்டோபர் 22 என்று வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்து ஏமாந்தார்கள். தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28-க்காக வேலையை விட்டு, வீட்டை விற்று நள்ளிரவு வரைக்கும் பாடிக்கொண்டிருந்த கூட்டங்கள் உண்டு. நமக்கு மிகவும் பக்கத்தில், திருவிதாங்கூரில், பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட வித்துவான் குட்டி என்ற யுஸ்தூஸ் யோசேப்பு 1875-இல் எழுப்புதல் ஒன்றை நடத்தி, ஆறு வருஷத்தில், 1881-இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். அந்த நாள் வந்து போயிற்று. அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளச் சபைகள் இன்றைக்கும் பாடுகின்றன. தேதி தவறிப்போன அந்த மனுஷருடைய ஏக்கம் தவறிப்போகவில்லை என்று எனக்கு அதில் ஒரு தேறுதல்.

இதையெல்லாம் தேடித் தேடி வாசித்தது அந்தப் போனுக்குப் பிறகுதான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கன்வென்ஷன் சீலையில் இருந்த அந்தப் படம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து அப்படியே வந்தது அல்ல என்று. இரகசிய வருகையைத் தனியாகவும், ஏழு வருஷம் கழித்து வெளியரங்கமான வருகையைத் தனியாகவும் பிரித்துக் காட்டும் போதனையைப் பரவலாக்கியவர் ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது 1909-இல் அச்சான ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம். டார்பி இருந்த சகோதரர் கூட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் மருத்துவர் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற மிஷனரியிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்தவர். 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் எழுந்த பெரிய எழுப்புதல் அருளப்பனுடைய மக்களிடமிருந்து புறப்பட்டது. நான் படித்த ஊரின் மண்ணிலேயே இந்த இழை ஓடியிருக்கிறது. அந்தப் போதனையை உண்மையாக நம்புகிற நல்ல மனுஷர்களை எனக்குத் தெரியும், அவர்களோடு வாதாட எனக்கு ஆசை இல்லை. நான் கேட்பதெல்லாம், ஒரு பதினாலு வயசுப் பிள்ளையைத் தன் தாயில்லாத அடுப்படியில் நிறுத்தி வைத்துத்தான் அதைச் சொல்ல வேண்டுமா என்பது மட்டுமே.

அசரியா ஆயரைப் பற்றி வாசித்ததும் அந்த நாட்களில்தான். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிய இளைஞர்களுக்கு முன்நின்றவர், அப்போது அவருக்கு வயசு முப்பதுகூட ஆகவில்லை. ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே கலயத்தில் போட்டு வைப்பாள், மிஷனரி ஊழியத்துக்கு. அந்தப் பிடியரிசியின் மூத்த கதை அவர்தான். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிமார் நிறைந்த சபையில் எழுந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறீர்கள், எங்களுக்குச் சிநேகிதரும் வேண்டும் என்று கேட்டார். அதை வாசித்தபோது எனக்குக் கோவில்பட்டிக்காரன் நினைவுதான் வந்தது. அன்றைக்கு எடின்பரோவில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களின் இடத்தில் நான் இருந்தேன். அவனுக்கு வேதத்தைக் கொடுத்தேன், கைப்பிரதி கொடுத்தேன், உபவாசமிருந்து ஜெபித்தேன். சிநேகிதனாக மட்டும் இருக்கவில்லை.

நடுவில் கொரோனாக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் கோயில் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஊர் வரலாற்றில் அப்படி ஒரு பரிசுத்த வாரத்தை யாரும் கண்டதில்லை. மறுவருஷம் தடுப்பூசி வந்தபோது அம்மாவின் போனில் குரல் பதிவுகள் குவிந்தன. இது அறுநூற்று அறுபத்தாறு, இதுதான் முத்திரை, போட்டவன் இரட்சிப்பை இழப்பான், போடாதவனுக்கு ரேஷன் கிடைக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஊசிக்கு வர மாட்டேன் என்று ஒரு மாசம் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெளிப்படுத்தின விசேஷத்தை முதலிலிருந்து வாசித்தேன். பத்மு தீவில் சிறைப்பட்டிருந்த ஒருவர், ரோம அரசின் கீழே நசுங்கிக்கொண்டிருந்த ஆசியாவின் ஏழு சபைகளுக்கு, பயப்படாதிருங்கள் என்று சொல்ல எழுதியது அது என்றும், எழுத்துக்கு எண் மதிப்புப் போட்டுப் பார்த்தால் அந்த எண் நீரோ மன்னனின் பெயரைக் குறிக்கிறது என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள் என்றும் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது முத்திரை இல்லைங்கியா?" என்றார்கள். "இல்லம்மா." "உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்றார்கள். கண்ணில் தண்ணீர். உள்ளபடியே பயந்திருந்தார்கள். ஆண்டவரை நேசிக்கிற ஒரு பெண்ணை, ஆண்டவருடைய பெயராலேயே இவ்வளவு பயமுறுத்த முடிந்திருக்கிறதே என்று அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது என் விளக்கம் அல்ல. அக்கா வீட்டுப் பெண், அந்தத் தொட்டில் பிள்ளை, அப்போது அதற்குப் பதினாலு வயசு. "பெரியம்மே, நான் கூட வாரேன், கையப் புடிச்சுக்கிடுதேன்" என்றது. போனில் அம்மாவின் பெயரைப் பதிந்ததும் அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும்போது அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, நாமம் இட்ட அந்தப் பெண் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அக்கா வாசலில் நின்று விசாரித்தாள். பேச்சுவாக்கில் நான் 2007-இல் ஓடி வந்த காரணத்தை அப்போதுதான் முதல் முறையாக அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க அய்யாவும் சொல்லிருக்காருலா. கலி அழியும், தர்மயுகம் வரும்னு. நாங்களும்தான் காத்துக் கெடக்கோம்" என்றாள். அவர்கள் வணங்கும் அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் இருந்ததும் அவர்களுடைய வேதமான அகிலத்திரட்டு எழுதப்பட்டதும் எனக்குப் புத்தகத்தில் தெரியும். மூன்று வீடு தள்ளி இருபத்தேழு வருஷம் வாழ்ந்தும், அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். அவள் சொன்னாள். பிறகு, "நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். நானும் சொன்னேன், கண்ணீரெல்லாம் துடைக்கப்படுகிற அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி. பேருந்து நிலையத்தில் ஆயிரம் கைப்பிரதி கொடுத்திருப்பேன். ஒருத்தர் கேட்டு, நான் சொல்லி, அவர் உட்கார்ந்து கேட்டது என் வாழ்க்கையில் அது இரண்டாம் தடவை.

முதல் தடவை 2013-இல், ஆச்சி இறந்த அன்று.

கடைசி செமஸ்டர் முடிகிற நேரம். விடிகாலையில் ஆச்சி போய்விட்டாள், தூக்கத்திலேயே. யாரோ சொல்லி என் பழைய அறைத் தோழனுக்குத் தெரிந்து, கோவில்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி, அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தான். எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது. மற்றவர்கள் நின்றால் நின்றான், உட்கார்ந்தால் உட்கார்ந்தான். பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கம் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபை ஐயர் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தை வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்வென்ஷனில் சிவப்பு அம்புக்கு ஆதாரமாகக் காட்டியது இதே பகுதிதான். எக்காளம், மேகம், ஆகாயம், எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பவுல் அதை எழுதியது கி.பி. 50-ஐ ஒட்டி, தங்கள் ஆட்களைச் சாகக் கொடுத்துவிட்டு, இனி அவர்களைப் பார்ப்போமா என்று கலங்கி நின்ற ஒரு சின்னச் சபைக்கு. இந்த வார்த்தைகளால் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்ளச் சொல்லித்தான் அதை முடிக்கிறார். அந்தக் கடைசி வரியை மேடையில் ஒருவரும் வாசிக்கக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. மண்மேட்டின் ஓரத்தில் நின்றுதான் கேட்டேன்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் தாத்தா கல்லறைத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். "அந்த அய்யா வாசிச்சாரே, நல்லாருந்துச்சு. என்னது அது?" என்றான். சொன்னேன். கால் ஏன் கிழக்கே என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பழைய கேள்வியை அவன் மறுபடி கேட்பான் என்று எனக்குள் பயம். அவன் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"அன்னைக்கு உங்கப்பாவப் பத்தி நான் சொன்னது தப்பு. அதச் சொல்ல நான் யாரு? எனக்குத் தெரியாதுடா. நியாயந்தீர்க்கிறவரு ஒருத்தரு இருக்காரு, சிநேகிதன் செத்துப்போன எடத்துல நின்னு அழுதவரு அவரு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், மூன்று வருஷமாகக் கேட்டிருக்க வேண்டியதை: "உங்கப்பா எப்படி இருப்பாரு?"

அவன் பேச ஆரம்பித்தான். லாரியில் முன்னால் உட்கார வைத்து சாத்தூர் வரைக்கும் கூட்டிப் போனது, வரும்போதெல்லாம் வாங்கி வரும் மலைவாழை, சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த முருகன் படம், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே பாடுவது, அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பின்னால் பிடிப்பதாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டது. இருட்டிவிட்டது. சாத்தான்குளத்துக்குக் கடைசி பஸ் போகிற சத்தம் கேட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

போன் வெளிச்சத்தை அடித்து அவன் தாத்தாவின் கல்லில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"நித்திரையடைந்தார்னா, தூங்கிட்டாருன்னுதான அர்த்தம்?"

"ஆமா."

"அப்ப எழுப்ப ஆள் வரும்" என்றான்.